உண்ணிக் காய்ச்சலை அறியுமாறு

கார்காலம் கழிந்து பனி தொடங்கும் நாள்களில் நம் நாட்டுச் சிற்றூர்களில் ஒருவகைக் காய்ச்சல் உலவக் காண்கின்றோம். வேலூர், திருவண்ணாமலை, இராணிப்பேட்டை முதலிய பகுதிகளில் அது மிகுதி. மேனாட்டு மருத்துவர் அதனை 'ஸ்கிரப் டைபஸ்' என்பர்; புதர் மண்டிய நிலத்தில் பற்றும் டைபஸ் சுரம் என்பது அப்பெயரின் பொருள். நம் மக்கள் அதனை உண்ணிக் காய்ச்சல் என வழங்குகின்றனர். மாத்திரைகள் சிலவற்றால் தீரத்தக்க இந்நோய், இன்னதென்று அறியப்படாமையால் மட்டுமே பலரைக் கொல்கின்றது. அறிதற்கு வேண்டுவதோ பெரும்பாலும் விலையுயர்ந்த கருவியன்று. நோயாளியின் உடலை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பொறுமையுடன் பார்த்தலேயாம். இதனை மருத்துவம் பயிலாத மாணவர்க்கு எழுதுவானேன் என்று நேயர்கள் வினவலாம். அப்பார்வையை மருத்துவர் மறந்தவிடத்து நினைவூட்டக் கூடியவர் நோயாளியின் வீட்டாரே என்பது எம் விடை.

எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி மேற்செல்வோம். எம் அத்தையார் ஏரிக்கரையில் சுள்ளி பொறுக்கி வருபவர். ஒரு மார்கழியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. தலைவலி பொறுக்கலாகாததாயிருந்தது. அருகிலுள்ள நகரத்து மருத்துவர் ஒருவர் டைபாய்டு என்று கருதி ஊசி மருந்து செலுத்தினார். ஐந்து நாள் ஊசி போட்டும் சுரம் தணியவில்லை. எட்டாம் நாள் மூச்சு இரைத்தது. வேறோர் ஊரிலுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கே இரவில் அவருக்கு உடை மாற்றிய செவிலியர், மார்பின் கீழ் மடிப்பில் மிளகினும் சற்றுப் பெரிய கரிய பொருக்கு ஒன்றிருப்பதைக் கண்டு, உடனே மருத்துவரை எழுப்பினார். மறுநாள் மருந்து மாறிற்று. மூன்றாம் நாள் சுரம் விட்டது. "இதை ஏன் முன்னமே சொல்லவில்லை, அத்தை?" என்று வினவினோம். "அடுப்புத் தணல் தெறித்த புண் என்றிருந்தேன், வலிக்கவுமில்லை, யாரும் கேட்கவுமில்லையே" என்றார் அவர்.

வலியாமை, கேளாமை என்னும் இவ்விரண்டினுள் நோயின் இயல்பும் நம் குறையும் ஒருங்கே அடங்கியுள்ளன. முதலாவதற்குக் காரணம், கடிக்கும் உயிர் யாது என்பதை அறிந்தால் விளங்கும்.

உண்ணிக் காய்ச்சல் என்னும் பெயர் எமக்கு முற்றும் உடன்பாடன்று. உண்ணி என்றவுடன் மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் குருதியுண்டு பருத்துத் தொங்குவதையே நம்மவர் எண்ணுவர், "எம் வீட்டில் மாடில்லை, நாயில்லை, எங்ஙனம் இக்காய்ச்சல் வரும்?" என்றுங் கேட்பர். இந்நோயைப் பரப்புவது அவ்வுண்ணியன்று. 'மைட்' எனப்படும் நுண்பூச்சி இனத்தின் இளங்குஞ்சே அதனைச் செய்வது. ஆறு கால்களும் செந்நிறமும் உடைய அக்குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்கே இருப்பதாகலின் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. முதிர்ந்த பூச்சிகள் எவரையும் கடிப்பதில்லை. மண்ணில் வாழ்ந்து பிற சிறு பூச்சிகளின் முட்டைகளைத் தின்று திரிவன. குஞ்சு மட்டும் தன் வாழ்நாளில் ஒரேயொருமுறை ஓர் எலியின் மீதோ மனிதர் மீதோ ஏறி, மெல்லிய தோல் தேடிப் பற்றி, இரண்டு மூன்று நாள் அங்கிருந்து, தோலைக் கரைத்து அந்நீரைப் பருகிப் பின் உதிர்ந்துவிடும். அது குருதி குடிப்பதுமன்று. நோய்க்கிருமி தாய்ப்பூச்சியினின்று முட்டை வழியே குஞ்சுக்குச் செல்கின்றது. ஆகவே எலியை ஒழித்த மாத்திரத்தில் நோய் ஒழிந்ததென்று மகிழ இடமில்லை; பூச்சிக் குலமே கிருமியின் களஞ்சியமாம்.

சப்பானியர் இப்பூச்சியைத் 'துன்பம் விளைக்கும் பூச்சி' என்னும் பொருள்படச் 'சுத்சுகமுஷி' என்றழைத்தனர். நீகாட்டா முதலிய ஆற்றோர நிலங்களில் உழவர் இந்நோயால் மடிந்தமையின், அங்கே நெடுங்காலமாக இஃது அஞ்சப்பட்டு வந்தது. சீன மருத்துவர் கே ஹோங் நான்காம் நூற்றாண்டிலேயே இத்தகைய மணற்பூச்சிக் கடியையும் அதன் பின் வரும் சுரத்தையும் எழுதி வைத்துள்ளார். 1995-இல் இக்கிருமிக்கு 'ஓரியன்ஷியா' எனத் தனி இனப்பெயர் வழங்கினர். கிழக்கே சப்பான், தெற்கே ஆத்திரேலியாவின் வடகரை, மேற்கே பாக்கிஸ்தான் என்னும் மூன்று மூலைகளுக்குள் அடங்கிய நிலப்பரப்பே இதன் உறைவிடம் என்று நூல்கள் நெடுநாள் கூறிவந்தன. இந்நூற்றாண்டில் தென்னமெரிக்கச் சிலி நாட்டிலும் இந்நோய் காணப்பட்டமையின் அவ்வெல்லைக்கோடு அழிந்தது.

நிற்க. குஞ்சு பற்றிய இடத்தில் முதலில் ஒரு சிறு கொப்புளம் தோன்றும். அது வெடித்துப் புண்ணாகி நடுவில் கருகிப் பொருக்காகும். சுற்றிலும் சிவந்த வளையம் ஒன்றிருக்கும். சுருட்டு நெருப்பால் சுட்டது போன்றிருக்கும் என்பர் மருத்துவர். ஆங்கிலத்தில் இதற்கு 'எஸ்கார்' என்று பெயர். யாம் கருவடு என்போம். கடித்த பத்து நாள் அளவில் காய்ச்சல் தொடங்குமாகலின், சுரங் கண்ட அன்றே பெரும்பாலும் இக்கருவடு உடலில் இருக்கும். அருகிலுள்ள நெறிக்கட்டி வீங்கியிருப்பதும் உண்டு.

கருவடு எங்கே இருக்கும் என்பதே இப்பாடத்தின் உயிர்நிலை. பூச்சிக்குஞ்சு உடையின் இறுக்கமும் ஈரமும் மென்தோலும் உள்ள இடத்தை நாடும். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியார் நானூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேரிடம் கருவடு கண்டனர். பெண்டிரிடம் மார்பிலும் வயிற்றிலும், ஆடவரிடம் அக்குள், தொடையிடுக்கு, மறைவிடங்களிலும் அது மிகுதியாயிருந்தது. இவற்றோடு இடுப்பில் ஆடை இறுகும் இடம், கொப்பூழ், முழங்காலின் பின்புறம், காதின் பின்புறம், தலைமயிரினுள், குழந்தைகளின் பிட்டமடிப்பு ஆகியவற்றையும் பார்த்தல் வேண்டும். முகத்தையும் கையையும் நாவையும் நோக்கி அனுப்பிவிடும் மருத்துவர்க்கு இவற்றுள் ஒன்றேனும் தென்படுமோ?

இன்னுமோர் இடர்ப்பாடுண்டு. ஈரமான மடிப்புகளில் பொருக்கு உதிர்ந்துவிடும்; அங்கே கருமை இராது; மஞ்சள் படிந்த ஆழமில்லாத சிறு புண்ணே காணப்படும். வெள்ளையர் உடலை வரைந்து காட்டும் நூற்படங்களிற் போலச் சிவந்த வளையம் நம் கரிய மேனியில் பளிச்செனத் தோன்றாது. ஆகவே நல்ல வெளிச்சத்தில், மடிப்பை விரல்களால் விரித்துப் பார்த்தல் வேண்டும். நாணமும் தடையாகின்றது. கூட்டம் நிறைந்த புறநோயாளர் பகுதியில், மறைப்புத் திரையும் இல்லாதபோது, ஓர் ஆண் மருத்துவர் நம் தாய்மாரை ஆடை நெகிழ்த்துக் காட்டுமாறு கேட்பதெங்ஙனம்? அவர்தாம் இசைவதெங்ஙனம்? ஒரு திரையும் ஒரு பெண் செவிலியும் இந்நோய்க்குக் குருதிச் சோதனைச் சாலையினும் முன்னதாக வேண்டப்படும் கருவிகள் என்பது எம் துணிபு. வீட்டிலோ இத்தடை இல்லை. மகள் தாயையும், மனைவி கணவனையும், தாய் குழந்தையையும் பார்த்துவிட்டு, "இவ்விடத்தில் ஒரு கரும்புண் உள்ளது" என்று மருத்துவரிடம் சொல்லின் பாதி வேலை முடிந்தது. அப்பொருக்கைப் பிய்த்தெறிதல் கூடாது. அதினின்று கிருமியின் மரபுப்பொருளைப் பி.சி.ஆர். முறையால் கண்டறிதல் கூடும்.

கருவடு இன்மையால் நோய் இல்லை என்றாகாது. மேலே கூறிய ஆய்விலேயே பாதிக்கு மேற்பட்டோரிடம் அது காணப்படவில்லை. அவர்க்குக் குருதிச் சோதனையே துணை. ஆனால் அத்துணையும் எத்தகையது என்று பார்ப்போம்.

பழைய சோதனை வைல், பீலிக்ஸ் என்னும் இருவர் பெயரால் வழங்குவது. அவர்கள் 1916-இல் போர்க்களத்துப் பேன்வழி டைபஸ் நோயாளிகளின் குருதிநீர், அந்நோய்க்குத் தொடர்பேயில்லாத 'புரோட்டியஸ்' என்னும் பாக்டீரியத்தைத் திரளச் செய்வதைக் கண்டனர். 1920-களில் மலாயா நாட்டுக் கோலாலம்பூரில் பிளெட்சர் முதலியோர் இதனை ஆராய்ந்துகொண்டிருந்தனர். கிங்ஸ்பரி என்பவர் லண்டனிலிருந்து அதே புரோட்டியஸ் வகையென்று ஒரு குப்பியைக் கொண்டு வந்தார். அது வழியில் மாறியதோ, முன்னமே வேறாயிருந்ததோ, நகரத்து டைபஸ் நோயாளிகளின் குருதிநீர்க்கு அஃது அசையவில்லை. எண்ணெய்ப்பனைத் தோட்டம் முதலிய நாட்டுப்புறங்களில் நோயுற்றவரின் குருதிநீர்க்கோ உடனே திரண்டது. இவ்வாறு ஒரு பிழைக்குப்பியின் உதவியால், ஒன்றெனக் கருதப்பட்ட சுரம் இரண்டென்பது புலனாயிற்று. மலாயாத் தோட்டங்களில் உழைத்தவருள் நம் தமிழர் எத்துணையர் என்பதை எண்ணுவார்க்கு இவ்வரலாறு அயலார் வரலாறாகத் தோன்றாது. கிங்ஸ்பரியின் பெயர் முதலெழுத்தைத் தாங்கிய 'ஓ.எக்ஸ்.கே.' சோதனை இன்றும் சிறு மருத்துவமனைகளில் செய்யப்படுகின்றது. எளியது, மலிவானது, ஆனால் நோயுள்ளார் பலரை இல்லையென்று தவறவிடுவது.

இக்காலத்தில் பெரிதும் செய்யப்படுவது எலைசா முறையால் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைக் காண்டல். இது முன்னதினும் நம்பத்தக்கது. ஆயினும் உடல் அவ்வெதிர்ப்பொருளைத் தோற்றுவிக்கக் காய்ச்சல் கண்டு ஐந்தாறு நாள் செல்லும். அதற்கு முன் குருதி எடுத்தால் 'இல்லை' என்றே வரும். சென்ற பருவத்தில் நோயுற்றுத் தேறினவர்க்கு அது பல திங்கள் குருதியில் தங்கி, வேறொரு சுரத்தின்போது 'உண்டு' எனப் பொய்ச்சான்று பகர்தலும் உண்டு. இருமுறை குருதி எடுத்து எதிர்ப்பொருள் நான்மடங்கு உயர்ந்தமை காட்டுவதே திண்ணமான சான்று எனப்படுகின்றது. அஃது ஆராய்ச்சியாளர்க்கு உதவுமேயன்றி, இரண்டு வாரங் காத்திருக்க இயலாத நோயாளிக்கு உதவாது. ஆதலின் 2015-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் வகுத்த நெறிமுறை, சோதனை முடிவுக்குக் காத்திராமல், நோய்க்குறி கொண்டு ஐயுற்ற அளவிலேயே மருந்து தொடங்குக என்று கூறுகின்றது. ஐந்து நாளுக்கு மேற்பட்ட சுரம், தலைவலி, வறட்டிருமல், தட்டணுக் குறைவு, கல்லீரல் நொதி உயர்வு ஆகியன ஒருங்கிருப்பின் ஐயுறுதற்குப் போதிய காரணமுண்டு. இவை டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு முதலியவற்றிலும் காணப்படுவனவே. அதனாலன்றோ கருவடுவைத் தேடுக என்று இத்துணை வற்புறுத்துகின்றோம்!

மருந்தின் வரலாறும் சுவையுடையது. 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்மேடல் குழுவினர், அப்போது புதிதாகக் கிடைத்த குளோரோமைசிட்டின் என்னும் மருந்தைக் கோலாலம்பூரில் இந்நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்தனர். சுரம் இரண்டொரு நாளில் இறங்கிற்று. புதர்ச்சுரம் எனக் கருதி அம்மருந்து கொடுக்கப்பட்டவருள் டைபாய்டு நோயாளியும் இருந்தமை பின்னரே தெரிந்தது, அவரும் நலமடைந்தார். டைபாய்டுக்கு அம்மருந்து ஆகும் என்று உலகம் அறிந்தது அத்தவற்றினாலேயாம். ஆகவே அந்நாளில் மருத்துவர் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டாலும் நோயாளி பிழைத்தார். பின்னர் டைபாய்டுக் கிருமி அம்மருந்துக்கு அடங்காதாயிற்று. அம்மருந்து எலும்பு மச்சையைக் கெடுக்கும் என்னும் அச்சமும் எழுந்தது. அதனிடத்தில் செப்டிரியாக்ஸோன் முதலிய ஊசிமருந்துகள் வந்தன. இவை டைபாய்டைத் தீர்ப்பன, ஓரியன்ஷியாவையோ தீண்டுவதில்லை. இவ்வின மருந்துகள் பாக்டீரியத்தின் புறச்சுவர்க் கட்டுமானத்தைக் குலைத்துக் கொல்வன. நம் குருதிக்குழாய்களின் உள்ளணுக்களில் புகுந்து வாழும் இக்கிருமிக்கு அத்தகைய திண்ணிய சுவர் இல்லை. முன்னாளில் தவறினாலும் உயிர் தப்பிற்று. இந்நாளில் அதே தவறு உயிரை வாங்குகின்றது. நல்ல மருந்து வந்தமையால் நோயறியும் பொறுப்பு மிகுந்ததேயன்றிக் குறையவில்லை.

இப்போதைய மருந்து டாக்ஸிசைக்ளின். பெரியவர்க்கு 100 மில்லிகிராம் வீதம் இருவேளை ஏழு நாள் கொடுப்பது வழக்கம். விலையோ மிகச் சிறிது. கருவுற்ற மகளிர்க்கு அதற்கு மாறாக அசித்ரோமைசின் தருவர். தக்க காலத்தில் தொடங்கினால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் விடும். விடாதாயின் வேறு நோயைத் தேட வேண்டும். இவற்றை மருத்துவர் கட்டளையின்றித் தாமே வாங்கி உட்கொள்ளுதல் தகாது என்பதையும் சொல்லிவைக்கின்றோம். எல்லாச் சுரத்துக்கும் ஒரு மாத்திரை என்று தொடங்கினால் குளோரோமைசிட்டினுக்கு நேர்ந்ததே இதற்கும் நேரலாம்.

காலந் தாழ்ந்து வருவோர் நிலை வேறு. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுதல், மூளையுறை அழற்சி, சிறுநீரகச் சோர்வு, குருதியழுத்த வீழ்ச்சி ஆகியன இரண்டாம் வாரத்தில் தோன்றும். மருத்துவமே பெறாதோரைப் பற்றிய பழைய பதிவுகளைத் தொகுத்தாராய்ந்தவர், இடத்துக்கிடம் ஒருவரும் இறவாமை முதல் நூற்றுக்கு 70 பேர் இறத்தல் வரை வேறுபட்டதையும், நடுநிலை அளவு நூற்றுக்கு 6 என்பதையும் 2015-இல் எழுதினர். கடுநோயாளர்க்கு எம்மருந்து சிறந்தது என்னும் ஐயத்தைத் தீர்க்க வேலூர்க் கல்லூரியார் தலைமையில் இந்தியாவில் ஏழு மருத்துவமனைகள் கூடி ஆராய்ந்தன. 794 பேரை மூன்று கூறாக்கி, டாக்ஸிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என நாளத்தின் வழியே செலுத்தினர். இறப்பு, ஏழாம் நாளும் நீங்காத உறுப்புக்கேடு, ஐந்தாம் நாளும் விடாத சுரம் ஆகியவற்றை ஒருங்கே எண்ணியபோது, தனி மருந்துகள் பெற்றவருள் நூற்றுக்கு 47, 48 பேர்க்கும், இரண்டும் பெற்றவருள் 33 பேர்க்கும் அவை நேர்ந்தன. 2023-இல் இம்முடிவு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. நோய் விரைந்து தணிந்தது உண்மை. ஆனால் இறப்பு எண்ணிக்கை மட்டும் மூன்று கூற்றிலும் பெரிதும் வேறுபடவில்லை. முற்றிய நிலையில் வருவோரைக் காக்க இருமருந்தும் முழுதும் போதா என்று இதனை யாம் கொள்கின்றோம். அவர்கள் அந்நிலையை அடைவதற்கு முன்னுள்ள ஏழு நாளே நம் கையிலுள்ளவை.

இந்நோய் புறக்கணிக்கப்பட்டது என்பதற்கு ஒரு சான்று தருவோம். உலகச் சுகாதார நிறுவனத்தார் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் என ஒரு பட்டியல் வைத்துள்ளனர். 2023 இறுதியில் நோமா என்னும் முகவழுகல் நோயை அதிற் சேர்த்தபோதும் உண்ணிக் காய்ச்சல் அதில் இடம்பெறவில்லை. புறக்கணிக்கப்பட்டோர் வரிசையிலும் புறக்கணிக்கப்பட்டது! நோய் அரிதாகலின் விட்டனரோ எனின், அன்று. 2020 முதல் 2023 வரை தமிழ்நாட்டின் 37 சிற்றூர்களில் ஏறத்தாழ 32,000 மக்களை வீடுவீடாகச் சென்று கண்காணித்த ஆய்வொன்று 2025-இல் வெளிவந்தது. சுரமுற்றவருள் முந்நூற்றுக்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் உறுதிப்பட்டது, ஐவர் மாண்டனர். குருதியைச் சோதித்துப் பார்த்ததில், ஆண்டுதோறும் நூற்றுக்கு எட்டுப் பேரளவில் இக்கிருமி புகுந்து செல்கின்றமை தெரிந்தது. பெரும்பாலோர்க்கு அது தெரியாமலே போகின்றது. நம் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் 2025 தொடக்கத்தில் மருத்துவர்களுக்கு இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது.

தடுப்பு முறைகளைச் சுருங்கச் சொல்வோம். புல்தரையில் வெறுமனே உட்காருதலும் படுத்தலும், துணிகளைப் புதர்மேல் உலர்த்துதலும் தவிர்க்கத்தக்கன. வயல், ஏரிக்கரை, காடு சென்று மீண்டவுடன் குளித்து உடை மாற்றுதல் நன்று. சமூகப் பணி முகாமுக்கும் மலையேற்றத்துக்கும் செல்லும் நம் கலாசாலை மாணவர், திரும்பிய மூன்று வாரத்துக்குள் சுரம் காணின், சென்று வந்த இடத்தை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். சுள்ளி பொறுக்குவோர்க்கும் களை பறிப்போர்க்கும் புல்லில் உட்காராதே என்று அறிவுரை கூறுதல் எளிது. அவர்கள் எங்கே உட்காருவர்?

தடுப்பூசி இந்நோய்க்கு இன்னும் இல்லை. கிருமியின் உட்பிரிவுகள் பல. ஒன்றினால் நோயுற்றுத் தேறியவரை மற்றொன்று மீண்டும் பற்றும். எம் அத்தையார் அடுத்த பருவத்திலும் ஏரிக்கரைக்குச் சென்றார். விறகுக்கு வேறு வழியில்லை. தை மாதத்தில் அவர் மருமகளுக்குக் காய்ச்சல் கண்டபோது, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமுன் கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கைக் கையிலேந்தி, அவளை முழுதும் பார்த்தார். இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடத்தில் கரும்புண் இருந்தது. அன்று சுரத்தின் மூன்றாம் நாள்.